இரண்டு முறை முதலிடம், இரண்டு முறையும் வெள்ளி

கேட்கப்பட்ட கேள்வி இது: "நூறு வருஷத்துக்கு முன்னால் முழுநேரத் தொழில் ஒன்றைச் செய்துகொண்டே இரண்டு விளையாட்டுகளில் தன் நாட்டுக்காக இறங்கியவர்கள் இருந்தார்களாமே, அப்படி ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?"

இருந்தார்கள், நிறைய பேரே இருந்தார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஹங்கேரியின் ஆல்ஃபிரெட் ஹாயோஷ். நீச்சலில் ஒலிம்பிக் சாம்பியன். கால்பந்தில் ஹங்கேரி ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தில் இறங்கியவர். பிழைப்புக்குக் கட்டடக் கலை. நானும் கட்டட வரைபடங்களோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டது வரைபடம் வழியாகத்தான், நீச்சல் கதையெல்லாம் அப்புறம்தான் தெரியவந்தது. அதனால் இந்தப் பதிலில் கட்டடம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். தமிழில் சிலர் 'ஹஜோஸ்' என்று எழுதுகிறார்கள். ஹங்கேரிய மொழியில் நாம் 'ஜ' என்று வாசிக்கிற எழுத்துக்கு 'ய' ஒலி, கடைசி எழுத்துக்கு 'ஷ' ஒலி. ஆகவே ஹாயோஷ். அதுவும் பிறவிப் பெயர் இல்லை. 1878 பிப்ரவரி 1 அன்று புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தபோது வைத்த பெயர் ஆர்னால்ட் குட்மான். 'ஹாயோஷ்' என்றால் கப்பல்காரன், மாலுமி. போட்டிகளில் இறங்குவதற்காக வைத்துக்கொண்ட பெயர் அது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

ஹாயோஷுக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது அப்பா டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதற்குப் பிறகுதான் பையன் நீச்சலில் முழு மூச்சாக இறங்கினான் என்று அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவை விழுங்கிய ஆறு அந்த ஊரின் நடுவிலேயே ஓடுகிறது. ஒரு கரையில் இருக்கிற புடாவிலிருந்து மறு கரையில் இருக்கிற பெஸ்ட் பக்கம் போக வேண்டும் என்றால் அதைக் கடந்துதான் ஆக வேண்டும்.

1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். ஹங்கேரியிலிருந்து போனவர்கள் மொத்தமே ஏழு பேர். அவர்களில் ஹாயோஷுக்கு வயது பதினெட்டு, புடாபெஸ்டில் கட்டடக் கலை மாணவர். கல்லூரியில் விடுப்பு வாங்குவதே பெரும்பாடாக இருந்ததாம்.

சரி, நீச்சல் எங்கே நடந்தது தெரியுமா? குளத்தில் இல்லை, கடலில். பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஸீயா என்றொரு விரிகுடா. ஏப்ரல் மாதம், தண்ணீர் 13 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்த பாட்டில் எப்படி இருக்குமோ, அந்தக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அலையும் பெரிது, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியதாகச் சொல்கிறார்கள். கரையில் சுமார் 20,000 பேர். நூறு மீட்டர் போட்டிக்குப் பாதையைக் காட்ட, உள்ளே குடைந்த பூசணிக்காய்களைக் கயிற்றில் கோத்து மிதக்க விட்டிருந்தார்கள்.

நூறு மீட்டரை ஹாயோஷ் 1 நிமிடம் 22.2 விநாடியில் முடித்து முதலாவதாக வந்தார். இன்றைக்குப் பள்ளி அளவில் நீந்துகிற பிள்ளைகள்கூட இதைவிட வேகம். ஆனால் அவர்கள் நீந்துவது அலை எழும்பும் கடலிலும் இல்லை, 13 டிகிரி தண்ணீரிலும் இல்லை.

அன்றைக்கே 500 மீட்டரும் 1200 மீட்டரும் இருந்தன. மூன்றிலும் இறங்க அவருக்கு ஆசை. ஆனால் 500 மீட்டர் மற்ற இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது, மூச்சு வாங்க நேரம் கிடையாது. அதை விட்டுவிட்டு 1200-க்குக் காத்திருந்தார். நூறு மீட்டரிலேயே குளிர் என்ன செய்யும் என்று பாடம் படித்துவிட்டதால், இந்த முறை உடம்பெல்லாம் அரை அங்குலக் கனத்துக்குக் கொழுப்பைப் பூசிக்கொண்டார்.

1200 மீட்டர் நடந்த முறையைக் கேட்டால் இன்றைய போட்டி நடத்துநர்களுக்கு மயக்கமே வந்துவிடும். நீச்சல்காரர்களைப் படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கி வெடித்ததும் குதிக்க வேண்டும், கரையைப் பார்த்து நீந்த வேண்டும், அவ்வளவுதான். குதித்தவர்களை அலையின் பொறுப்பில் விட்டுவிட்டுப் படகுகள் முடிவுக் கோட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டன. குளிரில் தசை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்து நடுங்கியதாக ஹாயோஷே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பெல்லாம் போய், உயிர் பிழைத்தால் போதும் என்ற வேகம்தான் தன்னை இழுத்துக்கொண்டு போனது என்கிறார். படகுகள் திரும்பி வந்து, கை கால் மரத்துப்போய்ப் போட்டியைக் கைவிட்டவர்களைத் தூக்கிப் போட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. அதற்குள் அவர் விரிகுடாவின் வாசலுக்கே வந்துவிட்டார்.

18 நிமிடம் 22.2 விநாடி. இரண்டாவதாக வந்த கிரேக்கர் ஆண்ட்ரேயூ கரை சேர இன்னும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அப்பா தண்ணீரில் போன பையன் உயிருக்குப் பயந்து நீந்தினான் என்று நான் கதை கட்ட விரும்பவில்லை. அவர் எழுதியதில் அப்பாவைப் பற்றிய பேச்சு இந்த இடத்தில் வரவில்லை. ஆனால் படிக்கிற நமக்கு அது தோன்றாமலும் இருக்காது.

விருந்தில் கிரேக்க இளவரசர் "இவ்வளவு நன்றாக நீந்த எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டதற்கு, "தண்ணீரில்" என்று பதில் சொன்னாராம். இந்தக் கதை எல்லா இடத்திலும் வரும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஊர் திரும்பிய பிறகு நடந்தது. கல்லூரி டீன் வாழ்த்துச் சொல்லவில்லை. உன் பதக்கங்களில் எனக்கு அக்கறை இல்லை, அடுத்த தேர்வில் நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்கத்தான் ஆவலாக இருக்கிறேன் என்றாராம். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இந்த டீனை அறிமுகப்படுத்தவே வேண்டாம், எல்லோருமே பார்த்திருப்போம். ஹாயோஷ் 1899-ல் பட்டம் வாங்கினார்.

இங்கே ஒரு தகவலைத் திருத்த வேண்டும். அவர் '1896-ல் இரண்டு தங்கம் வென்றார்' என்று பல இடங்களில் படிப்பீர்கள். பட்டியலுக்காக அப்படி எழுதுவது வழக்கம். உண்மையில் அந்த ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கமே கிடையாது. முதலாவதாக வந்தவருக்கு வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்தது கால்பந்து. அந்தக் காலத்துக் கிளப்கள் ஒரே விளையாட்டுக்கானவை அல்ல. உடற்பயிற்சிக் கிளப் என்று ஆரம்பிப்பார்கள், அதிலேயே ஓட்டம், நீச்சல், கால்பந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லை. எனவே ஓர் ஆள் கோடையில் ஒன்று, இலையுதிர் காலத்தில் இன்னொன்று என்று ஆடுவதில் யாருக்கும் ஆச்சரியமும் இல்லை, தடுக்க ஒப்பந்தமும் இல்லை. ஹாயோஷ் ஓட்டத்திலும், தடை ஓட்டத்திலும், வட்டு எறிதலிலும்கூட ஹங்கேரியின் தேசியப் பட்டங்களை வாங்கியிருக்கிறார். கால்பந்தில் அவர் ஃபார்வர்ட். புடாபெஸ்ட் உடற்பயிற்சிக் கிளப்புக்கு ஆடினார். 1901-ல் ஹங்கேரியின் முதல் லீக் போட்டி ஐந்து அணிகளோடு தொடங்கியபோது பட்டம் அந்தக் கிளப்புக்கு, அடுத்த வருஷமும் அதற்கே.

1902 அக்டோபர் 12, வியன்னா. ஆஸ்திரியாவுக்கு எதிராக ஹங்கேரி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. ஹாயோஷும் அணியில் இருந்தார். ஆட்டம் 5-0. ஐந்து கோலும் ஆஸ்திரியாவுக்கு! பிற்காலத்தில் புஷ்காஷ் போன்ற உலகப் புகழ் ஆட்டக்காரர்களைப் பெற்ற ஹங்கேரிக் கால்பந்து இப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் அவர் நடுவராகவும் இருந்தார், 1906-ல் கொஞ்ச காலம் தேசிய அணியின் பொறுப்பையும் ஏற்றார், விளையாட்டுப் பத்திரிகைகளில் எழுதவும் செய்தார். கால்பந்து வீரராக அவர் பெரிய மேதை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தலைமுறை ஆட்டக்காரர், கால் வேகமும் உடல் வலுவும் உள்ளவர், அவ்வளவுதான்.

அந்த ஸீயா விரிகுடாவில் அன்றைக்கு இறங்கியவர்களில் இன்னும் இரண்டு பேரையும் இங்கே சொல்லியாக வேண்டும். நூறு மீட்டரில் ஹாயோஷுக்கு அடுத்து வந்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ ஹெர்ஷ்மான். இவரும் யூதர், தொழிலில் வழக்கறிஞர். இவருக்கும் இரண்டு விளையாட்டு உண்டு. பதினாறு வருஷம் கழித்து, 1912 ஸ்டாக்ஹோமில், வாள்வீச்சில் ஆஸ்திரிய அணியோடு வெள்ளி வாங்கினார். அப்போது ஆஸ்திரிய ஒலிம்பிக் குழுவின் தலைவரும் அவரே. பதவியில் இருக்கிற குழுத் தலைவர் தானே களத்தில் இறங்கிப் பதக்கத்தோடு திரும்புவதை யோசித்துப் பாருங்கள். ஹாயோஷ் விட்டுக்கொடுத்த 500 மீட்டரை வென்றவர் பால் நோய்மான், அவரும் ஆஸ்திரியர்தான். பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய் மருத்துவரானார். ஒரே நாள், ஒரே விரிகுடா, மூன்று நீச்சல்காரர்கள். கட்டடக் கலைஞர் ஒருவர், வக்கீல் ஒருவர், டாக்டர் ஒருவர். கேள்வி கேட்டவர் தேடுகிற ஆட்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் தேட வேண்டாம்.

சரி, தொழிலுக்கு வருவோம். படிப்பு முடிந்ததும் ஹாயோஷ் முதலில் இக்னாட்ஸ் ஆல்பாரிடமும் பிறகு ஓடன் லெக்னரிடமும் வேலை பார்த்தார். இரண்டு பேரும் அன்றைய புடாபெஸ்டின் பெரிய தலைகள், ஆனால் இரு துருவங்கள். ஆல்பார் பழைய பாணிகளைக் கரைத்துக் குடித்தவர். லெக்னரோ ஹங்கேரிக்கு என்று ஒரு புதுப் பாணி வேண்டும் என்று பூவேலை ஓடுகளும் வளைவுகளுமாக வரைந்து தள்ளியவர். இந்த இருவரிடமும் கை பழகியவன் எந்தப் பாணிக்கும் அடிமையாக மாட்டான் என்று எனக்குத் தோன்றும். ஹாயோஷின் கட்டடங்களும் அப்படித்தான், காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கொண்டே போகின்றன. பிறகு சொந்த அலுவலகம் ஆரம்பித்தார். முதல் உலகப் போர்ச் சமயத்தில் டெப்ரெட்சென் நகரில் 'தங்கக் காளை' என்ற பொருள் தரும் பெயருடைய ஹோட்டல் அவர் வடிவமைப்பில் எழுந்தது. 1922-ல் ஊய்பெஷ்ட் கிளப்பின் கால்பந்து மைதானம் திறக்கப்பட்டது, அதுவும் அவர் வரைந்தது. வியன்னாவில் ஐந்து கோல் வாங்கிய அணியில் ஆடியவர் இருபது வருஷம் கழித்துக் கால்பந்துக்கு இடம் கட்டிக்கொடுத்தார்.

அடுத்து 1924. அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் கலைக்கும் பதக்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1912-லிருந்து 1948 வரை ஓவியம், சிற்பம், இசை, இலக்கியம், கட்டடக் கலை ஐந்திலும் போட்டி நடந்தது. விளையாட்டோடு தொடர்புடைய படைப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாரிஸ் ஒலிம்பிக்கின் கட்டடக் கலைப் பிரிவுக்கு ஹாயோஷும் டெஜோ லௌபர் என்ற நண்பரும் சேர்ந்து ஒரு ஸ்டேடியத்தின் திட்டத்தை அனுப்பினார்கள். லௌபர் மட்டும் லேசுப்பட்ட ஆளா? அவரும் கட்டடக் கலைஞர், 1908 ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஆடியவர், அதுபோக சைக்கிள், கோல்ஃப் என்று எதையும் விட்டுவைக்காதவர்.

நடுவர்கள் அந்தப் பிரிவில் தங்கம் யாருக்கும் கொடுக்கவில்லை. இவர்களுக்கு வெள்ளி, அதுதான் உச்சம். மொனாக்கோவைச் சேர்ந்த ஒருவருக்கு வெண்கலம். அதாவது 1896-லும் ஹாயோஷ் முதலிடம், கையில் வெள்ளி. 1924-லும் அவருக்கு முன்னால் யாரும் இல்லை, கையில் வெள்ளி. இருபத்தெட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை மேடை ஏறிய மனிதரின் வீட்டில் ஒலிம்பிக் தங்கம் என்று ஒரு குன்றிமணிகூட இல்லை. விளையாட்டு, கலை இரண்டிலும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். இன்னொருவர் அமெரிக்கர் வால்டர் வினான்ஸ், துப்பாக்கி சுடுவதில் பதக்கம் வாங்கியவர், குதிரைச் சிற்பத்துக்காகவும் வாங்கினார்.

என்னைக் கேட்டால் ஹாயோஷின் வாழ்க்கையில் பெரிய சாதனை இந்த இரண்டு மேடைகளும் இல்லை. 1930-ல் அவர் கட்டிய நீச்சல் குளம்தான். டான்யூப் ஆற்றின் நடுவில் மார்கரெட் தீவு என்று நீளமாக ஒரு தீவு. பூங்காவும் வெந்நீர் ஊற்றுமாக இருக்கும் இடம். அதில் நாட்டுக்கான நீச்சல் அரங்கத்தைக் கட்டும் வேலை ஹாயோஷிடம் வந்தது. எல்லாப் பருவத்திலும் நீந்துவதற்குக் கூரை போட்ட குளம், அதைச் சுற்றிப் பார்வையாளர் படிகள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கூரை போட்ட குளம் கட்டுவது சாதாரணக் கூடம் கட்டுவது மாதிரி இல்லை. தண்ணீருக்கு நடுவில் தூண் நிறுத்த முடியாது. ஆகவே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, பார்வையாளர் படிகளையும் தாண்டி, ஒரே வீச்சில் கூரை போக வேண்டும். இரும்பில் போடலாம். ஆனால் குளத்திலிருந்து நாள் முழுக்க ஆவி எழும்பும், கூரையின் அடிப்பக்கத்தில் வியர்க்கும், சொட்டும். இரும்பு அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும், பராமரிப்புச் செலவு தலைக்கு மேல் போகும். கான்கிரீட்டில் போட்டால் ஈரத்தை ஓரளவு தாங்கும், ஆனால் எடை கூடும், அந்த எடையைப் பக்கச் சட்டகங்கள் வழியாக மண்ணுக்கு இறக்க வேண்டும். போதாததற்கு இது ஆற்று நடுவில் இருக்கிற தீவு, தோண்டினால் தண்ணீர். வெளிச்சமும் வேண்டும். வெளிச்சம் நீந்துகிறவன் கண்ணில் நேராக அடிக்கவும் கூடாது, தண்ணீரில் பட்டுப் பார்வையாளர் கண்ணைக் கூசவும் கூடாது. நீந்தாத ஒருவன் இதை வரைந்தால் பார்வையாளர் பக்கத்திலிருந்து யோசிப்பான். ஹாயோஷ் இதை இரும்புக் கம்பி கான்கிரீட் சட்டகங்களில் போட்டார். 1930 என்பதை மறக்க வேண்டாம். அந்த அகலத்துக்குக் கான்கிரீட்டில் துணிவது அன்றைக்குச் சாதாரணக் காரியமில்லை.

இந்தக் குளம் வந்த அடுத்த சில வருஷங்களில் ஹங்கேரி தண்ணீரில் காட்டிய ஆட்டம் தனிக்கதை. 1932-லும் 1936-லும், தண்ணீரில் ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவில் ஒலிம்பிக் தங்கம். 1936 பெர்லினில், நாற்பது வருஷத்துக்கு முன் ஹாயோஷ் வென்ற அதே 100 மீட்டரை ஃபெரென்ட்ஸ் சிக் வென்றார். அவரும் ஒரு டாக்டர்! 1945 மார்ச்சில், குண்டுவீச்சில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தபோது குண்டு விழுந்து இறந்துபோனார். எல்லாவற்றுக்கும் ஒரு கட்டடம்தான் காரணம் என்று சொன்னால் அது கட்டடக்காரனின் திமிர். ஆனால் குளிர்காலம் நீளமான ஒரு நாட்டில், வருஷம் முழுக்க நீந்த ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஹெர்ஷ்மானை 1942-ல் நாஜிகள் வியன்னாவிலிருந்து போலந்துக்கு நாடு கடத்தினார்கள். அந்த வருஷமே அவர் கதை முடிந்தது. ஹங்கேரியிலும் 1938 முதல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வரிசையாக வந்தன, 1944-ல் நிலைமை படுமோசமானது. ஹாயோஷ் பிழைத்தார். 1896-ல் பக்கத்துப் பக்கத்தில் நீந்திய இருவரில் ஒருவர் முகாமுக்கும் ஒருவர் முதுமைக்கும் போனார்கள்.

1953-ல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவருக்கு ஒலிம்பிக் சேவைக்கான சான்றிதழ் வழங்கிக் கௌரவித்தது. 1955 நவம்பர் 12 அன்று புடாபெஸ்டில் இறந்தார், வயது 77. நீச்சல் அந்தக் குடும்பத்தில் அவரோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பி ஹென்ரிக் 1906-ல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால விளையாட்டுப் போட்டிகளில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் தொடர் நீச்சலில் வென்ற அணியில் இருந்தவர்.

மார்கரெட் தீவுக் குளம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு இப்போது ஆல்ஃபிரெட் ஹாயோஷ் பெயர். சுற்றிலும் திறந்தவெளிக் குளங்களும் புதிய பார்வையாளர் மாடங்களும் சேர்ந்துவிட்டன, 1930-ன் கூடம் மட்டும் நடுவில் பழைய ஆளாக நிற்கிறது. 2017-ல் உலக நீச்சல் சாம்பியன்ஷிப் புடாபெஸ்டில் நடந்தபோது வாட்டர் போலோ ஆட்டங்கள் இந்த வளாகத்தில்தான் நடந்தன. வாட்டர் போலோ விதிப்படி குளத்துத் தண்ணீர் 26 டிகிரி இருக்க வேண்டும். ஒன்று முன்னே பின்னே இருக்கலாம்.